அந்த அம்மாவை ஏன் சாகடித்தார்கள்?

எட்டு மாத வயிற்றோடு பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என் மகள். மத்தியானம் தூக்கம் வரவில்லை, காலை நீட்டிக்கொண்டு ஏதாவது சினிமா பார்க்க வேண்டும் அவளுக்கு. போன வாரம், "அம்மா, உனக்குப் பிடிச்ச ஸ்டார் ட்ரெக் போடறேன், வந்து உட்காரு" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த தொடர் அது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்குக் கல்யாணமான புதிது. "யாரும்மா அவன், காது முயல் மாதிரி?" என்று என் மாமியார் கேட்பார். "அவன்தாம்மா ஸ்பாக். அப்பா வேற கிரகம், அம்மா நம்ம பூமி" என்பேன். "அப்ப கலப்புக் கல்யாணம்னு சொல்லு!" என்பார். கதை பாதி புரியாது, ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் எங்கள் இருவரையும் பார்க்க முடியாது.

மகள் போட்டதோ அந்தப் பழைய தொடர் இல்லை. 2009ல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய புதுப் படம். அதே கர்க், அதே ஸ்பாக், அதே கப்பல், எல்லாரும் புது முகங்கள். 'ரீபூட்' என்கிறார்களாம், அதாவது கதையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது. "அவங்களே நல்லாத்தானே இருந்தாங்க, எதுக்குடி இது?" என்றேன்.

காரணம் இருந்திருக்கிறது. 2002ல் வந்த படம் ஓடவில்லை, 2005ல் டி.வி. தொடரும் நின்றுபோயிற்று. பழைய ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களோ, இத்தனை வருடக் கதையை எங்கிருந்து பிடிப்பது என்று மலைத்து நின்றார்கள். அதனால் கர்க் பிறக்கிற நாளுக்கே போய்விட்டார்கள்.

படம் ஆரம்பிப்பதே ஒரு பிரசவத்தில்தான்! கப்பலை எதிரி தாக்குகிறான். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலி எடுத்து, ஒரு சின்ன ஓடத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். கணவன் கப்பலிலேயே தங்கி, அதை எதிரியின் மேல் மோதி உயிரை விடுகிறான். கடைசி நிமிடத்தில் ஒலிபெருக்கி வழியாகக் குழந்தையின் அழுகையைக் கேட்டு, இரண்டு பேருமாகப் பெயர் வைக்கிறார்கள். அவன் கேப்டனாக இருந்ததே பன்னிரண்டு நிமிடம்தான். அதற்குள் காப்பாற்றிய உயிர்கள் எண்ணூறு.

"நிறுத்துடி, இந்த நேரத்துல இதெல்லாம் பார்க்கக்கூடாது" என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். கீரை அப்படியே கிடந்தது.

ஆனால் பாருங்கள், இவ்வளவு பாடுபட்டுப் பெற்றவளை அதற்கப்புறம் படத்தில் தேட வேண்டியிருக்கிறது! பையன் காரை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் விடுகிறான், வளர்ந்து மதுக்கடையில் சண்டை போடுகிறான். அப்பா எப்படிப்பட்ட வீரர் என்று எல்லாரும் சொல்லிக் காட்டுகிறார்கள். வளர்த்தவளைப் பற்றி ஒரு வார்த்தை? பெற்றுப் போட்டதோடு அவள் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஸ்பாக்கின் அம்மா அமாண்டா விஷயத்தில்தான் எனக்குக் கோபம். வினோனா ரைடர் நடித்திருக்கிறார். கிரகமே அழிகிறது, ஸ்பாக் ஓடி வந்து பெற்றோரை மீட்கிறான். கப்பலுக்கு மறைந்து போகும் அந்த நொடியில் அம்மாவின் காலடிப் பாறை சரிகிறது. அவன் நீட்டிய கை நீட்டியபடியே கப்பலில் நிற்கிறது. அம்மா இல்லை.

"இது அநியாயம். அவங்க சாகவே இல்லை" என்றேன்.

"அம்மா, இது வேற காலம். எதிர்காலத்துலேர்ந்து ஒருத்தன் வந்து எல்லாத்தையும் மாத்திட்டான். உன் பழைய கதை அப்படியே இன்னொரு பக்கம் இருக்கு, யாரும் தொடலை" என்று விளக்கினாள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். "அம்மா செத்தாத்தானே அவன் மனசு உடையறது தெரியும்?" என்றும் கேட்டாள்.

அங்கேதான் எங்களுக்குச் சண்டை. 1967ல் வந்த ஒரு பகுதியில் இதே அமாண்டாவாக ஜேன் வியாட் வருவார். கணவருக்கு இதய அறுவை சிகிச்சை, மகன் ரத்தம் கொடுக்க வேண்டும். கேப்டனோ கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறார். கப்பலை விட்டு வரமாட்டேன், கடமை என்கிறான் ஸ்பாக். அம்மா கெஞ்சிப் பார்த்துவிட்டு ஓர் அறை விடுகிறாள்! அவள் போனதும், மூடிய கதவின் மேல் அவன் மெதுவாகக் கையை வைப்பான். அவ்வளவுதான், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "பாவம், பிள்ளை" என்றார். யாரையும் சாகடிக்காமலே மனசைக் காட்டத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொன்றும் மகளுக்குச் சொன்னேன். அந்தத் தொடர் பிழைத்ததே பெண்களால்தான். முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. நிறுவனம் வேண்டாமென்று திருப்பியது. அதில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண். பின்னால் நர்ஸாகவும், கப்பல் கணினியின் குரலாகவும் வந்த மேஜல் பாரெட்தான் அவர். தயாரித்த டெசிலு ஸ்டூடியோ நடிகை லூசில் பாலுடையது. அவர் பின்னால் நின்றதால் இரண்டாவது மாதிரி எடுத்து 1966ல் தொடர் வந்தது. அப்புறம் நிறுத்தப் போகிறார்கள் என்றதும் பீஜோ ட்ரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். கடிதம் குவிந்ததில், தொடர் தொடரும் என்று 1968ல் டி.வி.யிலேயே அறிவிக்க வேண்டி வந்தது.

ஊஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் வருடத்திலேயே விலக நினைத்தாராம். மார்ட்டின் லூதர் கிங் நேரில் சந்தித்துப் போகக்கூடாது என்று சொன்னதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்த ஊஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்மணி!

இங்கே மகள் ஜெயித்தாள். "அத்தனை வருஷம் அந்த ஊஹுராவோட முதல் பேர் என்ன? சொல்லு பார்ப்போம்" என்றாள். முழித்தேன். தொடரிலும் சரி, பழைய படங்களிலும் சரி, யாரும் சொன்னதே இல்லை. புதுப் படத்தில் கர்க் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவள் சொல்வதில்லை. கடைசியில் ஸ்பாக் அவளைக் கூப்பிடும்போதுதான் தெரிகிறது, நியோட்டா. ஜோயி சல்டானா நடித்த இந்த ஊஹுரா, நல்ல கப்பலில் தனக்கு இடம் கொடுக்காததைத் தட்டிக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பழைய ஊஹுராவை நாற்காலியை விட்டு அதிகம் எழவிட்டதில்லை. உண்மைதான்.

பழைய ஸ்பாக் லெனார்ட் நிமாயும் இதில் வருகிறார், முகமெல்லாம் சுருக்கத்தோடு. அம்மாவை இழந்த இளைய ஸ்பாக்கின் எதிரே அவர் நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. 2015ல் நிமாய் காலமானார். மறு வருடம் வந்த மூன்றாவது படத்தில், மூத்த ஸ்பாக் விட்டுப்போன பெட்டியை இளையவன் திறக்கிறான். உள்ளே பழைய கப்பல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கும் ஒரு போட்டோ.

அதைப் பார்த்ததும் பரணிலிருந்து எங்கள் ஆல்பத்தை இறக்கினேன். மாமியார் போட்டோவை மகள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு உன் பழைய ஸ்டார் ட்ரெக் போடலாம்மா, அந்த அறை விடற அம்மாவைப் பார்க்கணும்" என்றாள்.