இழைப்புளித் தகட்டை வீட்டிலேயே தீட்டும் முறை

புளியங்குடி முதலிய ஊர்களில் வேம்பும் பூவரசும் இழைக்கும் தச்சருக்கு மழுங்கிய இழைப்புளி இருமடங்கு உழைப்பைத் தரும், பலகையும் பிய்ந்துபோகும். அதை விசைச் சாணையில் பிடிப்பதிலும் ஓர் ஆபத்துண்டு. விளிம்பு நீலம் பாரித்தால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடை எட்டி, எஃகின் பதம் கெட்டது என்று அறிக. அப்பகுதியைத் தேய்த்துக் கழித்தாலன்றிக் கூர் நில்லாது.

கைக்கல்லில் இந்நஷ்டமில்லை. அதன் முறை வருமாறு:

1. தகட்டின் தட்டையான முதுகைக் கல்லில் முழுதும் படியவைத்துத் தேய்த்துச் சமமாக்குக.

2. சாய்முகத்தை 25 முதல் 30 டிகிரிச் சாய்வில் பிடித்து, நீரோ எண்ணெயோ இட்ட சொரசொரப்பான கல்லில் தீட்டுக. முதுகுப்புற விளிம்பு நெடுகப் பிசிறு தட்டுப்படும் வரை நிறுத்தலாகாது.

3. பின்னர் நுண்கல்லில் தீட்டி, முதுகைப் படியவைத்துப் பிசிறை நீக்கி, தோல்வாரில் இழுக்க.

கூரை விரலால் சோதித்தல் ஆகாது. மெல்லிய மரத்தின் குறுக்குவெட்டு முனையைச் சீவிப் பார்க்க. ஒரே இடத்தில் தேய்த்தால் கல் குழிந்து விளிம்பு வளையும். ஆதலின் கல்லின் முழுப்பரப்பையும் பயன்படுத்துக. தச்சுத் தொழில் புரியும் அங்கத்தினர் சிலர் கூடி நல்ல கற்களைப் பொதுவில் வாங்கினால் செலவு குறையும். தகடுகளும் நெடுநாள் உழைக்கும்.