அமைத்த ஒலியும் அதன் காவலும்

கொழும்பு மாநகரின் தென்புறத்தே வெள்ளவத்தையும் வடபுறத்தே கொட்டாஞ்சேனையும் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளாகும். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், திருமணம், நடன அரங்கேற்றம் என ஏதேனும் ஒரு நிகழ்ச்சி அங்கே ஆண்டு முழுவதும் நடைபெற்றுக்கொண்டேயிருக்கும். மேடையிலே பாடுபவரை யாவரும் அறிவர். அவர் குரலைச் சபையோருக்கு இனிதாகக் கொண்டுசேர்க்கும் ஒலியமைப்பாளரை அறிவோர் மிகச் சிலரே. அவருடைய உழைப்பு எங்கே தங்கியிருக்கிறது, அதனை அவர் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பன நேயர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க விடயங்கள்.

சிறிய மண்டபத்திலே பாடும் குரல் பெரிய தேவாலயத்திலே பாடுவதுபோல் முழங்கவேண்டுமானால், அதற்கென ஒரு கருவி உண்டு. முழக்கம் எத்தனை விநாடி நீடிக்கவேண்டும், குரல் எழுந்தபின் எவ்வளவு நேரம் கழித்து முழக்கம் தொடங்கவேண்டும், அதிற் கீச்சொலி எவ்வளவு குறையவேண்டும் என்பவற்றையெல்லாம் அக்கருவியில் எண்களாகக் குறித்துவிடலாம். இவ்வெண்களின் தொகுதிக்கு ஒரு பெயரிட்டு நினைவகத்திற் சேமித்து வைப்பதையே தொழிலாளர் 'பிரீசெட்' என்பர். நாதசுரத்தை ஒத்த ஒலியை மின்னிசைப் பலகையில் எழுப்புவதற்கான அமைப்பும் இத்தகையதே. பார்வைக்கு அது இருபது முப்பது எண்கள். ஆனால் அவ்வெண்களைக் கண்டறியப் பல மாலைப்பொழுதுகளும் பழகிய செவியும் தேவைப்பட்டிருக்கும்.

இவ்வமைப்புக்கு இரண்டு ஆபத்துக்கள் உண்டு. ஒன்று, அது மாற்றப்படுதல். மற்றையது, அது பிரதிசெய்யப்படுதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது தவறு.

மாற்றம் பெரும்பாலும் பகையால் நேர்வதன்று. வாடகைக் கருவியை இன்று ஒருவர் எடுப்பார். நாளை இன்னொருவர் எடுப்பார். பின்னவர் தம் அமைப்பை அதே இலக்கத்திற் சேமித்தால் முன்னவருடையது அழிந்துபோகும். இத்தவற்றைத் தடுக்கும் உபாயம் பழைய காலத்திலேயே இருந்தது. ஒலிப்பதிவுக் கசெற்றின் பின்புறத்திலிருந்த சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு செய்ய இயலாது. ஆயினும் அந்தத் துளையில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினால் மீண்டும் பதியலாம். 1983 இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய யமஹா டிஎக்ஸ் 7 என்னும் இசைக்கருவி தன் நினைவகத்தில் 32 ஒலியமைப்புக்களைக் கொண்டிருந்தது. அந்நினைவகத்தைப் பூட்டிவைக்கும் விசையும் அதில் இருந்தது. இத்தகைய பூட்டுக்கள் கைதவறுதலைத் தடுக்கும். வேண்டுமென்றே திறப்பவரைத் தடுக்கமாட்டா.

ஆகவே, கருவியின் நினைவகத்தை வாடகை வீடாகக் கொள்வதே அறிவுடைமை. மூலப்பிரதி வெளியே இருத்தல் வேண்டும். ஒரு பிரதியைத் தம்மிடமும் இன்னொன்றை வேறிடத்திலும் வைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது இன்னும் நன்று. கருவி பழுதடைந்தாலும் கொப்பியிலுள்ள எண்கள் அழியா.

எண்களைக் காவாமையால் நேரும் இடருக்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. ஜேம்ஸ் மூரர் என்னும் அமெரிக்க அறிஞர், 1983 முதல் திரையரங்குகளில் ஒலித்த டிஎச்எக்ஸ் நிறுவனத்தின் முழக்கவொலியைக் கணினியாற் படைத்தார். கணினி ஒவ்வொரு முறையும் நேரத்தையும் தேதியையும் கொண்டு தற்செயலான எண்களைத் தெரிந்தெடுத்தமையால், ஒருமுறை பிறந்த ஒலி மறுமுறை பிறக்கவில்லை. மூலப்பதிவு காணாமற்போனபோது அவரே மீண்டும் ஆக்கிக் கொடுத்தார். அது முன்போல் இல்லை என்றே கேட்டோர் குறைகூறினர். இறுதியில் பழைய பதிவு கிடைத்த பின்னரே எல்லோரும் அமைதியுற்றனர். படைத்தவராலும் தம் படைப்பை மீட்க இயலாத நிலை அது.

பிரதிசெய்தலைத் தடுப்பதோ இதனினுங் கடினம். ஒரு கருவியின் அமைப்பை இன்னொரு கருவிக்கு அனுப்பும் வழியை 1983 இல் உருவான மிடி என்னும் பொதுமுறையே வகுத்துத் தந்தது. கடவுச்சொல்லாற் பூட்டலாம், மறைகுறியாக்கியும் வைக்கலாம். ஆனால் ஒலிக்கவேண்டிய பொழுதில் கருவி அதனைத் திறந்தே ஆகவேண்டும். மேலும், முழக்கக் கருவியினூடே மிகக் குறுகிய ஓர் ஒலித்துடிப்பைச் செலுத்தி, வெளிவருவதைப் பதிந்துகொண்டால், உள்ளிருக்கும் எண்களை அறியாமலே அம்முழக்கத்தைப் பெரும்பாலும் மீளப் பெறலாம். பூட்டிய பெட்டியிலிருந்தும் மணம் வெளியே வருவது போன்றது இது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கணினி நிரல்களுக்கு அது பதிப்புரிமை வழங்குகிறது. ஒலிப்பதிவுகளுக்கு அவற்றின் தயாரிப்பாளருக்கு 50 ஆண்டுக் காவல் அளிக்கிறது. ஆனால் எண்ணங்கள், முறைகள், வெறுந் தரவுகள் ஆகியவற்றுக்கு அது உரிமை வழங்குவதில்லை. எனவே சில எண்களாலான ஒரு தனி அமைப்பைப் படைப்பு எனக் காட்டுதல் எளிதன்று. தெரிவிலும் ஒழுங்கிலும் சுயமான ஆக்கம் விளங்கும் ஒரு பெருந்தொகுப்பாயின் வாதத்திற்கு இடமுண்டு. இன்னொரு வழியும் உண்டு. வெளியிடப்படாத தகவலையும் அச்சட்டம் காக்கிறது. அதற்கு அத்தகவல் இரகசியமாயிருத்தல் வேண்டும். இரகசியமாயிருப்பதனாலேயே வணிகப் பெறுமதி பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் காக்க உரியவர் தக்க முயற்சி எடுத்திருத்தலும் வேண்டும். எல்லோரும் தொடக்கூடிய கருவியிற் பூட்டின்றி விட்டுச்சென்றவர் இந்தக் காவலை நாடுவது கடினம்.

ஆதலால் பூட்டைவிட ஒரு தாள் அதிகம் உதவும். மண்டபத்துக்குரிய கருவியில் ஊழியர் ஒருவர் உருவாக்கிய அமைப்பு யாருக்குரியது? அவர் வேலையை விட்டு விலகும்போது அதனை எடுத்துச் செல்லலாமா? மண்டபத்தார் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? இவற்றை வேலை தொடங்கும் நாளிலேயே நாலு வரியில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், பிரியும் நாளில் மனக்கசப்புக்கு இடமிராது. வாய்ச்சொல்லை நம்பிப் பின் வருந்துவோர் பெரும்பாலும் கருவி உடையவரல்லர். உழைப்பை மட்டும் உடையவரே.

குருவைப் பார்த்தே மாணாக்கன் கற்கிறான். ஒலித்தொழிலும் அவ்வாறே வளர்ந்தது. பிறர் அமைப்பைக் கேட்டுத் தன் செவியால் அதனை நாடிச் செல்பவன் கற்கிறான். அவர் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுபவன் எதனையும் கற்பதில்லை. மண்டபம் மாறியதும் எந்த எண்ணை எவ்வளவு திருத்தவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அமைப்பைப் பிரதிசெய்யலாம், அதனைத் திருத்தும் அறிவைப் பிரதிசெய்ய எந்த இயந்திரத்தாலும் இயலாது.