கேமரா இல்லாமலே கவனிக்கும் டிவி

“எங்கள் டிவியில் கேமரா கிடையாது. ரிமோட்டில் இருக்கும் மைக்கையும் நாங்கள் தொடுவதில்லை. பிறகு நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பது கம்பெனிக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர். ஸ்மார்ட் டிவிக்கு நம்மைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தன் திரையில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

இந்த நுட்பத்தை ஏசிஆர் என்கிறார்கள். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உண்டு. அவற்றில் சிலவற்றின் நிறத்தை மட்டும் டிவி குறித்துக்கொண்டு, சின்ன எண் கோவையாக்கி சர்வருக்கு அனுப்புகிறது. படங்கள், தொடர்கள், விளம்பரங்கள் எல்லாவற்றின் கோவைகளும் அங்கே தயாராக இருக்கின்றன. இரண்டும் பொருந்திவிட்டால் எந்த நிகழ்ச்சி, அதில் எந்தக் கட்டம் என்பது வரை தெரிந்துவிடும். என் அத்தை திண்ணையில் இருந்தபடி, செருப்புச் சத்தத்தை வைத்தே தெருவில் போவது யார் என்று சொல்லிவிடுவார். முழு ஆளையும் பார்க்க வேண்டியதில்லை, அடையாளம் ஒன்று சிக்கினால் போதும்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது வேறொன்று. வெளியிலிருந்து டிவிக்குப் படம் எந்த வழியாக வருகிறது என்பது ஏசிஆருக்குப் பொருட்டே இல்லை. கேபிள், டிவிடி, எதுவானாலும் கடைசியில் திரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? லண்டன், கலிபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் ஏசிஆர் வேலை செய்தது.

இப்படிச் சேரும் தகவல் எங்கே போகிறது? அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் பார்வையாளர்கள் அறியாமலே இதைச் செய்தது. அந்த வீட்டாரின் வயது, வருமானம், திருமண நிலை போன்ற விவரங்களையும் சேர்த்து மற்ற நிறுவனங்களுக்கு விற்க வழிசெய்தது. இதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அந்த டிவிகளின் மெனுவில் இந்த வசதிக்கு ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சிகளைப் பரிந்துரைப்பதற்கு என்று மட்டுமே விளக்கம் போட்டிருந்தார்கள்.

நம் ஊரில் டிவி மாட்ட வரும் பையன், நாம் காபி கொண்டுவருவதற்குள் வரிசையாக வரும் எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிடுகிறான். அடுத்த வீட்டு வேலை அவனுக்குக் காத்திருக்கிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம்மதம் வீட்டுக்காரருடையது. அதை யாரும் நமக்காகக் கொடுக்கக் கூடாது, பொடி எழுத்தில் ஒளித்து வாங்கவும் கூடாது.

செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்று இருக்கும். அணைத்துவிடுங்கள், அணைத்தால் ஏசிஆர் தகவல் போவது நிற்கிறது என்பதையும் அதே ஆய்வு உறுதி செய்திருக்கிறது. அடுத்த முறை டிவி மாட்ட ஆள் வரும்போது ரிமோட்டை நீங்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.