மனநோயைச் சொல்ல மொழி வேண்டும்

காலொடிந்து வருபவர் வாய் திறவாவிடினும் எக்ஸ்ரே படம் உண்மையைச் சொல்லிவிடும். மனமொடிந்து வருபவரின் நோயை வைத்தியர் அவரது பேச்சிலிருந்தே அறிய வேண்டியுள்ளது. அப்பேச்சு விளங்காதெனில் சிகிச்சை எங்கிருந்து தொடங்கும்? நுவரெலியா, ஹட்டன் பிரதேசத் தோட்ட மக்கள் நீண்டகாலமாக எதிர்நோக்கிவரும் இப்பிரச்சினை, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைச் சிதைத்த பின்னர் மேலும் கூர்மையடைந்துள்ளது.

சிங்களம் மட்டுமே தெரிந்த வைத்தியரிடம் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி செல்கையில் மொழிபெயர்ப்பவர் யார்? பாடசாலை செல்லும் மகன். அவனும் இல்லையேல் அங்குள்ள சிற்றூழியர். கணவனின் குடியையும் அடியையும் பெற்ற மகனின் வாயால் எந்தத் தாய் சொல்வாள்? "தலைவலி, தூக்கமில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டு, மாத்திரையுடன் லயத்துக்குத் திரும்புகிறாள்.

சொல்லை மாத்திரம் பெயர்த்தாலும் போதாது. "நெஞ்சை அடைக்கிறது", "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்று எம்மவர் கூறுவதன் பின்னே இருப்பது மனச்சோர்வா, அச்சமா, இழப்பின் துயரா என்பதைப் பிரித்தறியப் பண்பாட்டு அறிவும் வேண்டும். தோட்டங்களில் கோடாங்கியை நாடுவோரும், முஸ்லிம் குடும்பங்களில் ஓதிப் பார்ப்போரும் உள்ளனர். இதனை ஏளனம் செய்யும் வைத்தியரிடம் நோயாளி மறுமுறை வரமாட்டார். நேர்த்திக்கடனையும் துஆவையும் கைவிடச் சொல்லாமலே மருந்தையும் ஆலோசனையையும் வழங்க முடியும்.

பிரித்தானியாவிலும் கனடாவிலும் குடியேறியோருக்கு வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் சேவை உண்டு. அங்கு புகலிடம் பெற்ற எமது உறவினர்களும் அதனால் பயன்பெறுகின்றனர். இங்கோ, 200 ஆண்டுகளாக இம்மண்ணில் உழைக்கும் பிரஜைகளுக்கு அது அரிதாகவே கிட்டுகிறது! 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999 இல் நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கெனப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2005 இன் தேசிய மனநலக் கொள்கை, சேவையை மக்களின் வாயிலுக்கே கொண்டுசெல்வதாக உறுதியளித்தது. ஆவணங்களுக்குக் குறைவில்லை.

தற்கொலை முயற்சி 1998 முதல் தண்டனைக்குரிய குற்றமன்று. எனினும் பொலிஸாருக்கு அஞ்சி அதனை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைத் தோட்ட மருந்தகங்களிலும் கோவில், பள்ளிவாசல்களிலும் தமிழில் எழுதி ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. உயர்தரம் சித்தியடைந்து வேலையின்றியிருக்கும் தோட்ட இளைஞர், யுவதிகளை உளவளத் துணையாளர்களாகப் பயிற்றுவித்து அண்மித்த வைத்தியசாலைகளில் நியமிக்குமாறு சுகாதார அமைச்சையும் மலையகப் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.