வாங்க முடியாதவருக்கு என்ன வழி?

வாடகைக் கட்டிடத்தை அதில் இருப்பவர்களே சேர்ந்து வாங்கி, கூட்டுறவுச் சங்கமாக நடத்துவது நல்ல ஏற்பாடுதான். பங்குப் பணம் கட்ட வழியில்லாத குடும்பத்தை அது எங்கே நிறுத்துகிறது என்பதை வைத்துத்தான் அதன் நியாயத்தை அளக்கவேண்டும். இலங்கையில் இதற்குக் கிட்ட வந்த முயற்சி, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில் வந்த 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டு, மிகுதியை அங்கே வாடகைக்கு இருந்தவர்களே வாங்க அது இடம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன்னரே, 1972இன் வாடகைச் சட்டம் இன்னொரு காவலைப் போட்டிருந்தது: ஆள் குடியிருக்கும் குறைந்த வாடகை வீட்டை விலைக்கு வாங்கியவர், ‘எனக்கு இருக்க வேண்டும்’ என்று சொல்லி அவரை எழுப்ப வழக்குப் போட முடியாது. இருக்கும் உரிமை முதலில், வாங்கும் உரிமை பிறகு. இந்த வரிசை குலையக்கூடாது என்பதே என் வாதம்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்த முதற்காவலே பலருக்கு இல்லை. 1980இன் திருத்தம், அந்த ஆண்டு தொடங்கியபின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை வாடகைச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 சுனாமி எல்லாம் கடந்த இந்தக் கரையில், புளியந்தீவிலும் கல்லடியிலும் இன்று நிற்கும் வீடுகளில் எத்தனை அதற்கு முந்தியவை? எழுத்தும் கைகொடுப்பதில்லை. 1840இன் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்படவேண்டும். இரண்டு வருடத்துக்கென்று வெறும் தாளில் கையெழுத்து வைத்து, முற்பணமும் கொடுத்துவிட்டு, துண்டு வாங்காமல் மாதாமாதம் வாடகை கட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் மாத வாடகைக்காரர்தான். அந்தக் கட்டிடம் நாளை சங்கத்தின் கைக்கு மாறினால், தான் இத்தனை வருடம் இருந்ததைக் காட்டவே அவரிடம் ஒன்றும் இருக்காது.

வாங்கும் வாய்ப்பைக் கொடுத்தாலே போதாதா என்று கேட்கலாம். முகத்துவாரம் வெட்டும் காலத்துக்கும் மீன் படும் காலத்துக்கும் ஏற்ப வருமானம் ஏறி இறங்கும் வாவி மீனவரிடம், வங்கி சம்பளச் சான்றிதழ் கேட்கும். அவருக்கு அந்த வாய்ப்புத் தாளில் மட்டும்தான். பணக்கார நகரமான நியூயோர்க்கே இதை உணர்ந்தது: வாங்காதவரை எழுப்பும் கூட்டுறவு மாற்றத் திட்டங்களை அங்கே 2019இல் சட்டம் அடியோடு நிறுத்தியது; மாற்றம் நடக்கவேண்டுமானால் இருக்கும் வாடகைக்காரரில் 51 வீதத்தினர் வாங்க இணங்கவேண்டும் என்றும் வைத்தது.

இப்படிக் கட்டுப்படுத்தினால் வாடகைக்கு விட யார் முன்வருவார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வாடகைத் தொகையை இறுக்கிப் பிடித்த சட்டங்கள், வாடகைக்கு வீடு கட்டும் விருப்பத்தைக் குறைத்தன என்ற குறை நியாயமானது. 1980இல் புது வீடுகளை விலக்கியதும் அதனால்தான். நான் கேட்பது விலைக் கட்டுப்பாட்டை அல்ல. ஊர் வழக்கப்படி வாடகையைக் கூட்டலாம். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவரை மட்டும் உரிமை மாறியதைக் காரணம் காட்டி எழுப்பக்கூடாது. நம் பகுதிக்கே உரிய நியாயம் ஒன்றும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. இங்கே வீடு மகளுக்குப் போகும் சீதனம். கலியாணம் சரிவந்ததும் வீடு கேட்பதை ஆசை என்று தள்ள முடியாது. ஆகவே மாற்றும்போதே மகளுக்கென ஒரு பகுதியை, முடிந்தால் வெறுமையாக இருப்பதை, வீட்டுக்காரர் ஒதுக்கிக்கொள்ளட்டும். மிச்சப் பகுதிகளில் வாங்காமல் இருப்பவர்களைச் சங்கத்தின் வாடகைக்காரர்களாகப் பெயர் குறித்து, அந்த உறுதியிலேயே நொத்தாரிசு எழுதட்டும்.