நடக்கிறதா, வெயிட் தூக்குறதா?



"உடம்பு குறையணும்னா நடந்தாப் போதுமா, இல்லே வெயிட் தூக்கணுமா?" ரேஷன் கடை வரிசையிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும், நாலு பெண்கள் கூடினால் இப்போ இந்தப் பேச்சுதான். பாதிப் பேர் நடைக் கட்சி. மீதிப் பேர் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வெயிட் கட்சி. நான் பத்தாவது வரை படித்தவள். என் அக்கா மகள் பிசியோதெரபி படிக்கிறாள். அவளைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் வீட்டிலேயே பார்த்ததையும் எழுதுகிறேன்.

நடைக் கட்சிக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். பருமனாக இருந்தவர்களை மூன்று பிரிவாக்கி, எட்டு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நடை, ஓட்டம் என்று இருந்தவர்களுக்குச் சராசரியாக ஒண்ணே முக்கால் கிலோ குறைந்தது. வெயிட் மட்டும் தூக்கியவர்களுக்கு முக்கால் கிலோ போலக் கூடியது! கூடியது கொழுப்பு இல்லை, தசை. இரண்டும் செய்தவர்களுக்கு ஒண்ணரை கிலோவுக்குச் சற்று மேல் குறைந்து, தசையும் கூடியது. ஆக, எடை மெஷினை மட்டும் கேட்டால் அது நடைக்குத்தான் ஓட்டுப் போடும்.

ஆனால் எட்டு மாதத்துக்கு ஒண்ணே முக்கால் கிலோதானா என்று உங்களுக்கும் தோன்றும். சாப்பாட்டில் கை வைக்காவிட்டால் அவ்வளவுதானாம். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி செலவாகணும். 60 கிலோ உள்ள பெண் அரைமணி நேரம் விறுவிறுன்னு நடந்தால் 120 கலோரி போனாலே அதிகம். வரும் வழியில் ரெண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் கணக்கு நேர்! அதனால்தான் எல்லாரும் நடையோடு சாப்பாட்டையும் குறைக்கிறோம். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

என் மதினிக்கு 42 வயசு. சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். சுகர் வந்து, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். மதினி சொன்னால் சொன்னதுதான். காலையில் ஒரு மணி, சாயந்திரம் ஒரு மணி நடை. ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவார்கள். ஐந்து மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் "அடையாளமே தெரியலையே" என்று மெச்சினார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. மையத்தில் சோற்று அண்டாவை இறக்கும்போது கை நடுங்கியது. ஒருநாள் கஞ்சி சிந்தி, நல்லவேளை, காலில் படவில்லை. "இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்கு வேலை பார்ப்பேன்?" என்று என்னிடம் சொல்லி அழுதார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "சித்தி, அந்த எட்டு கிலோவும் கொழுப்புன்னு நினைச்சீங்களா?"

பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையுமாம். 2017-ல் அமெரிக்காவில் 65 வயசுக்கு மேற்பட்ட பருமனானவர்களை ஆறு மாதம் வைத்துப் பார்த்ததை அவள் விளக்கினாள். எல்லாருக்கும் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ஒரு பிரிவுக்கு நடை போன்ற பயிற்சி, ஒன்றுக்கு வெயிட், ஒன்றுக்கு இரண்டும். மூன்று பிரிவிலும் எடை ஒரே மாதிரி 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பு போக மீதி உடம்பு, அதாவது தசையும் மற்றதும், நடைப் பிரிவில் 5 சதவீதம் போய்விட்டது. வெயிட் பிரிவில் 2, இரண்டும் செய்தவர்களுக்கு 3. இடுப்பு எலும்பும் நடைப் பிரிவில்தான் அதிகம் தேய்ந்தது. எழுந்து நடமாடும் தெம்பு அதிகம் கூடியது இரண்டும் செய்தவர்களுக்கு. மாதவிலக்கு நிற்கப்போகும் வயசில் எலும்பு எவ்வளவு முக்கியம் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2023-ல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். நல்ல காரியம். வெயிட் தூக்க அப்படி யாரும் வழி காட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனமோ 2020-லேயே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை மாதிரியான பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டது.

"அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லும் குடமும் இருந்துச்சு, ஜிம் எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். என் அம்மா மாவாட்டித் தண்ணி சுமந்தவர்தான். இன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாடு யாருக்கும் திரும்ப வேண்டாம். கிரைண்டர் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம், நம் உடம்புக்கு ஏற்ற அளவில் தூக்கினால் போதும்.

வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவுதான். தூக்கியது மொத்தம் 202 கிலோ! பத்து வருஷம் தினமும் தூக்கினால் கூட நமக்கு அந்தத் தசை வராது.

மதினிக்கு அக்கா மகள் சொல்லிக் கொடுத்தது இதுதான். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து தள்ளுவது பத்து. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கி வைப்பது பத்து. எல்லாம் இரண்டு சுற்று. பத்தும் சிரமமில்லாமல் வந்துவிட்டால் அரிசியைக் கூட்டணும். இந்தக் கூட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. நடையை ஒரு வேளையாகக் குறைத்து, ராத்திரி ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்தோம். அதற்கு முன் டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தையும் சரிபார்த்துக்கொண்டோம். நாலு மாதத்தில் எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை, ரவிக்கையைத்தான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. பை எட்டு கிலோவுக்கு வந்திருக்கிறது. அண்டாவை மற்றவரோடு சேர்ந்து நடுங்காமல் இறக்குகிறார்கள்.

தூக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது, முக்கியமாக பி.பி. உள்ளவர்கள். கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், சிசேரியனோ வேறு வயிற்று ஆபரேஷனோ ஆகி அதிக நாள் ஆகாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூட்டு வலிக்காரர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம், இல்லை மேலே ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். மதினியும் முதல் மாதம் தலையணை போட்டுத்தான் எழுந்தார்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர்.