ரயில் சக்கரம் தள்ளாடுவதேன்?

1937-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, பாட்னாவுக்கு மேற்கே பிஹ்டாவின் அருகில், ஹௌராவை நோக்கி விரைந்த பஞ்சாப் எக்ஸ்பிரஸ் தண்டவாளத்தை விட்டுப் புரண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய செய்தியைக் கேட்டதும், "எல்லாம் விதி" என்று பெருமூச்செறிவது நம்மவர் வழக்கம். ஆனால் இந்த விதிக்குப் பின்னே ஒரு கணக்கு மறைந்திருந்தது.

ரயில் சக்கரம் நேரான உருளையன்று. அதன் உட்புறம் சற்றுப் பருத்தும், வெளிப்புறம் சற்றுச் சிறுத்தும் இருக்கும். இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைந்து ஒன்றாகவே சுழல்கின்றன. அச்சு வலப்பக்கம் ஒதுங்கினால், வலச் சக்கரம் தன் பருத்த பாகத்திலும், இடச் சக்கரம் தன் சிறுத்த பாகத்திலும் உருளும். ஒரே சுற்றில் வலச் சக்கரம் அதிக தூரம் செல்லுமாகையால், அச்சு இடப்பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். வண்டியைப் பாதையில் நிறுத்துவது இவ்வடிவமே.

ஆயினும் நடுவுக்கு வந்த அச்சு அங்கே நிற்பதில்லை. மறுபக்கம் ஒதுங்கி, மீண்டும் திரும்புகிறது. இந்த வளைநடையின் நீளத்தை 1883-ல் கிளிங்கெல் என்ற ஜெர்மானியர் கணக்கிட்டார். வேகம் கூடினாலும் அந்நீளம் மாறாது. எனவே வேகம் இரட்டித்தால், ஒரு வினாடியில் நேரும் ஆட்டங்களும் இரட்டிக்கும். குறித்த வரம்பைத் தாண்டினால் ஆட்டம் தணியாமல் வளர்ந்து, சக்கரத்தின் விளிம்பு இருபுறத் தண்டவாளங்களையும் மாறி மாறி மோதும்; பாதையே வளைந்துவிடக் கூடும்.

பிஹ்டாவில் புரண்ட வண்டியை இழுத்தது, பிரிட்டனில் செய்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட 'எக்ஸ்.பி.' வகை இஞ்சின். போதிய சோதனை நடக்குமுன்பே இவ்வகை இஞ்சின்கள் ஏராளமாக வாங்கப்பட்டிருந்தன. பின்னர், கர்னல் மவுண்ட் தலைமையில் வந்த கமிட்டி 1938-39-ல் இவற்றை ஆராய்ந்தது. பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் விசை அவற்றில் போதவில்லை என்பது தெரிந்தது. அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது, கொடுத்தவர்கள் பிரயாணிகள்!

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். விமானச் சிறகுகளின் நடுக்கத்தை ஆராய்ந்திருந்த மத்ஸுதைரா, யுத்தத்திற்குப் பின் ரயில் சக்கரத்தின் ஆட்டத்தை ஆராய்ந்தார். அச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஆட்டத்தை எவ்விதம் தணிக்க வேண்டும் என்பதையெல்லாம் முதலில் சோதனைச்சாலையில் கண்டறிந்தார்கள். 1964-ல் டோக்கியோவுக்கும் ஒஸாக்காவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓடிற்று.

வேகம் வேண்டியதுதான். ஆனால் அதற்குரிய சோதனையைச் சோதனைச்சாலையில் நடத்த வேண்டும். டிக்கெட் வாங்கி ஏறிய ஜனங்களின் உயிரை வைத்து நடத்தலாகாது.